கடன் வாங்கிய கோயில்கள்

மணப்பாட்டுக் கோயிலைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுத்தான் உண்டு. ஒன்று, கடல், குன்று, வெள்ளைக் கோயில் என்று பரவசப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது. மற்றது, அது நம்முடையது அல்ல, போர்த்துகீசியன் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வது. இரண்டாவது பேச்சு எனக்கு மிகவும் பழக்கமானது. புதுக்கவிதை எழுதுகிறவர்களைப் பார்த்து அறுபது வருஷங்களுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருவதும் இதுதான். உருவம் இரவல், ஆகவே அனுபவமும் இரவல் என்பது அதன் தர்க்கம். இந்தத் தர்க்கத்தைக் கவிதையை வைத்து மறுத்து மறுத்து நமக்கு அலுத்துவிட்டது. கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து ஒரு தடவை பார்க்கலாம் என்று தோன்றியது.

குலசேகரன்பட்டினம் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் கரை வளைந்து, மணப்பாட்டு மணற்குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வடக்கே திருச்செந்தூர். இந்தச் சில மைல் கரைக்குள் முருகன், முத்தாரம்மன், சிலுவை மூன்றும் இருக்கின்றன. மணப்பாட்டில் குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயிலைத்தான் வெளியூர்க்காரர்கள் பார்க்கிறார்கள். ஊருக்குள் வேறு கோயில்களும் உண்டு. அவற்றில் ஒன்று யாகப்பருக்கு. இந்தக் கரைகளில் யாகப்பருக்கு இன்னொரு பெயர் சந்தியாகப்பர். ஆண் பிள்ளைக்கு வைத்தால் சந்தியாகு. யாழ்ப்பாணத்துக் கரையில் அது இன்னும் நீண்டு சந்தியோகுமையோர் ஆகிறது. பைபிளில் யாக்கோபு என்று இருக்கிற அப்போஸ்தலன் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் சந்தியாகோ ஆனான். ‘மையோர்’ என்பது பெரியவன் என்ற அடைமொழி. அதாவது, நம் கரையில் ஒரு கிழவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிற ஒரு மத்தியகாலப் பேராலயத்தின் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறோம். அந்தப் பேராலயம் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. கடன் வாங்கிய கதை அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

கதைப்படி யாக்கோபின் உடல் கடல் வழியாகக் கலீசியாக் கரைக்கு வந்து சேர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், இரண்டாம் அல்போன்ஸோ ஆண்டுகொண்டிருந்தபோது, ஒரு துறவி வயல்வெளியில் ஒளியைக் கண்டான். மேற்றிராணியார் தெயதோமிரோ அங்கே கல்லறையைக் கண்டறிந்தார். அரசன் சிறிய கோயில் கட்டினான். அது போதாமல் மூன்றாம் அல்போன்ஸோ காலத்தில் பெரிதாகக் கட்டி 899-ல் அர்ச்சித்தார்கள். அப்போது ஸ்பெயினின் பெரும்பகுதி கொர்தோபாவிலிருந்து ஆண்ட முஸ்லிம் அரசிடம். 997-ல் அதன் தளபதி அல்மன்ஸூர் படையோடு வந்து ஊரைக் கொளுத்தினான், கோயிலை இடித்தான். கல்லறையைத் தொடவில்லை என்கிறார்கள். கோயிலின் மணிகளைச் சிறைப்பட்ட கிறிஸ்துவர்களின் தோளில் ஏற்றிக் கொர்தோபாவுக்குக் கொண்டுபோனான். அங்கே பெரிய மசூதியில் அவை விளக்குகளாகத் தொங்கின. 1236-ல் மூன்றாம் பெர்னாந்தோ கொர்தோபாவைப் பிடித்தபோது அதே மணிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை சுமந்தது சிறைப்பட்ட முஸ்லிம்களின் தோள். வெற்றி யாருடையதானாலும் மணியின் கனம் தோற்றவன் தோளில்தான்.

இப்போது நிற்கிற கட்டடம் 1075-ல், ஆறாம் அல்போன்ஸோ காலத்தில், மேற்றிராணியார் தியெகோ பெலாயெஸ் தொடங்கியது. இங்கே முதல் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கட்டுமானப் பொருளும் நமக்கு அந்நியமானதல்ல. நம் தச்சர்கள் உளி பிடித்த அதே கருங்கல் இனம்தான், கலீசியாவின் ஓயாத மழையில் பாசி பிடித்து நிற்கிறது. பெர்னார்து என்ற முதிய தலைமைச் சிற்பியும் அவனோடு ஐம்பது கல்தச்சர்களும் வேலை செய்ததாக 12-ஆம் நூற்றாண்டு யாத்திரைச் சுவடி சொல்கிறது.

அமைப்பு சிலுவை வடிவம். நடுக்கூடம் நீளமானது, உருளைக் கவானாக வளைந்த கல் கூரை. இரண்டு பக்கமும் தாழ்ந்த பக்கக்கூடங்கள், அவற்றின் மேல் மாடங்கள். கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளாமல் அந்த மாடங்களின் கவான்கள் தாங்கிக்கொள்கின்றன. அதனால் மேல்சுவரில் பெரிய ஜன்னல் வைக்க இடமில்லை; நடுக்கூடத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, மாடங்களின் வழியாகத்தான் வருகிறது. உள்ளே போகிறவன் முதலில் காண்பது அரை இருட்டை. இது கர்ப்பகிருக இருட்டு அல்ல, நடந்துகொண்டே இருக்கச் சொல்கிற இருட்டு. ஏனென்றால் பக்கக்கூடம் நிற்காமல் பீடத்தின் பின்புறம் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடுகிறது. நம் பாஷையில் சொன்னால் உட்பிராகாரம். நாற்பது நாள் நடந்து வந்த யாத்ரீகன், நடுவில் நடக்கும் பூஜையைக் கலைக்காமல் சுற்றி வரலாம், சிறு பீடங்களில் நின்று கும்பிடலாம், பெரிய பீடத்தின் பின்னால் ஏறி யாகப்பர் சிலையைத் தோளோடு கட்டிக்கொள்ளலாம். கூட்டத்தின் கால்களை யோசித்து வரைந்த தரைப்படம் அது. திருவிழாக் கூட்டத்தை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை.

இந்த அமைப்பு ஸ்பெயினில் பிறந்ததா? இல்லை. பிரான்ஸில் துலூஸ் நகரத்து சான் செர்னின் கோயிலும், கோங்க் ஊர்க் கோயிலும் இதே குடும்பம். யாத்திரை வழி நெடுக நடந்து வந்த வடிவம் இது. போதாததற்கு, தெற்கு வாயிலின் இதழ் இதழான வளைவுகளைப் பாருங்கள். அவை எந்தக் கொர்தோபா மணிகளைப் பறித்துக்கொண்டு போயிற்றோ அதன் மசூதியில் தழைத்த வடிவம். எதிரியின் கவானை வாங்கி எதிரியை வென்றவனின் கோயிலில் வைத்திருக்கிறார்கள். 1168-ல் அரசனிடம் மானியம் பெற்று வேலை தொடங்கிய மத்தேயோ என்ற சிற்பி மேற்கு முகப்பில் ‘மகிமை வாயில்’ என்னும் சிற்ப மண்டபத்தை எழுப்பினான். 1188 ஏப்ரல் முதல் தேதி அதன் உத்தரக்கல் ஏற்றப்பட்டது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். அப்போது இங்கே திரிபுவனம் கோயில் கட்டிய மூன்றாம் குலோத்துங்கன் காலம். 1211-ல் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் காஸாஸ் நோவோவா என்ற கட்டடக் கலைஞன் மேற்கே ஒரு புது முகப்பை எழுப்பினான், 1738-ல் தொடங்கி 1750-ல் முடிந்தது. இன்று படங்களில் வருகிற இரட்டைக் கோபுர அலங்காரம் அதுதான். ஆனால் மத்தேயோவின் வாயிலை அவன் இடிக்கவில்லை. பழையதை உள்ளே வைத்து, புதியதை மேலே போர்த்தினான். கதவைத் தாண்டியவுடன் 18-ஆம் நூற்றாண்டு முடிந்து 12-ஆம் நூற்றாண்டு ஆரம்பிக்கிறது.

சுத்தமான ஸ்பானியக் கோயில் என்று ஒன்றைத் தேடிப் போனால் கிடைப்பது பிரெஞ்சுத் தரைப்படம், கொர்தோபாவின் வளைவு, பிற்கால முகப்பு. ஆனாலும் இது எந்த நாட்டுக் கோயில் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இதை வைத்துக்கொண்டு இது மகத்தான சிருஷ்டி என்று கைகூப்பி நின்றுவிடவும் முடியாது. 844-ல் கிளாவிஹோவில் நடந்ததாகச் சொல்லப்படும் சண்டையில் யாகப்பர் வெள்ளைக் குதிரை மேல் வாளோடு தோன்றி முஸ்லிம் படையை வெட்டினார் என்று ஒரு கதை. அதற்கு நன்றியாக விவசாயிகள் வருஷந்தோறும் கோயிலுக்குத் தானியம் அளக்க வேண்டும் என்று அரசன் கொடுத்ததாக ஒரு சாசனம். சண்டையும் நடக்கவில்லை, சாசனமும் 12-ஆம் நூற்றாண்டில் தயாரான போலி. ஆனால் தானியம் நிஜமாகவே அளக்கப்பட்டது. 1812-ல் காதிஸ் நகரில் கூடிய பாராளுமன்றம் அந்த வரியை ரத்து செய்யும் வரை. மீன்பிடித்துக்கொண்டிருந்த ஓர் அப்போஸ்தலனுக்கு ‘முஸ்லிம்களைக் கொல்பவன்’ என்ற பட்டப்பெயர் வந்து சேர்ந்தது. ஸ்பானிய, போர்த்துகீசியச் சிப்பாய்கள் சண்டையில் இறங்கும்போது கூவியது இவர் பெயரைத்தான்.

இந்தக் குதிரை வீரர் நம் கரைக்கு வந்தது எப்படி என்பது இனிமேல்.

மணப்பாட்டிலிருந்து வேம்பாறு வரையிலும் அப்பாலும் முத்துக் குளித்த பரதவர்கள் 1530-களில் ஒரு நெருக்கடியில் இருந்தார்கள். சலாபக் குத்தகையும் கடல் வியாபாரமும் முஸ்லிம் வியாபாரிகள் கையில். தகராறு முற்றி ரத்தம் சிந்தியது. அந்த நேரத்தில் ஒரு குதிரை வியாபாரி இந்தப் பக்கம் வந்தான். கோழிக்கோட்டு சாமூத்திரியின் ஆளாகப் போர்த்துகலுக்குப் போய் அங்கே கிறிஸ்துவனாகி, ஜான் த குரூஸ் என்று பெயர் வாங்கித் திரும்பியவன். கொச்சியிலுள்ள போர்த்துகீசியரிடம் போங்கள், ஞானஸ்நானம் பெற்றால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று வழி சொன்னவன் அவன். பட்டங்கட்டிகள் கொச்சிக்குத் தூது போனார்கள். 1536, 37-க்குள் சுமார் இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-ல் வேதாளைக்கு அருகே மார்த்திம் அபோன்ஸோ தெ ஸோஸா எதிர்த் தரப்புக் கப்பற்படையை முறியடித்தான். குதிரை மேல் வருகிற புனிதர் குதிரை வியாபாரியின் யோசனையில் கரையேறினார். இதை மறைத்து ஆன்மிகமாகப் பூசுவதும், இதை மட்டுமே சொல்லி ஜனங்களின் நம்பிக்கையைக் கேலி செய்வதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கம். ஒரு பேரத்தில் ஆரம்பித்தது நானூற்றைம்பது வருஷம் ஏன் நிற்க வேண்டும்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

அதே ஸோஸா 1542-ல் கோவா கவர்னராக வந்தபோது அவனோடு கப்பலில் வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டுக்காரர், தாய்மொழி பாஸ்க். அந்த வருஷமே இந்தக் கரைக்கு வந்துவிட்டார். மணப்பாட்டுக் குன்றின் கடலோரக் குகையில் அவர் தங்கியதாகச் சொல்லி இன்றும் காட்டுகிறார்கள். 1544-ல் எழுதிய கடிதத்தில், இவர்கள் பேசுவது மலபார், என் மொழி பாஸ்க், ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்ற பொருள்பட எழுதுகிறார். மலபார் என்று அவர் குறிப்பது தமிழை. இரு பாஷையும் தெரிந்த ஊர்க்காரர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கொம்போஸ்தெலா மணிகளைச் சுமக்கக் கைதிகள் வேண்டியிருந்தது. இங்கே கைக்கு அடங்கிய மணி. பேராலயத்திலிருந்து இந்தக் கரைக்கு முதலில் வந்து சேர்ந்த கட்டடப் பகுதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கரையிலிருந்து போர்த்துகல் ராணிக்கு வருஷா வருஷம் நாலாயிரம் பொற்பணம் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ராணியின் செருப்புக் காசு என்று பெயர். முத்துக் குளிக்கிறவன் மூச்சடக்கிச் சம்பாதித்தது ராணியின் காலணிக்கு. அந்தப் பணத்தை உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுத்தரும்படி சவேரியார் ராணிக்கு எழுதினார், ராணியும் இணங்கினாள். கலீசியாவில் தானியம் அளந்தவனைப் போல இங்கேயும் கொடுத்தவன் ஏழைதான். வித்தியாசம், இங்கே பணம் கொஞ்சம் கரைக்கே திரும்பியது, சொல்லிக் கொடுக்கிற ஆளாக.

முதல் கோயில்கள் மண்ணும் ஓலையும். வேறு எதுவாகவும் இருந்திருக்க முடியாது. 1544-ல் வடுகர் படை கரையைச் சூறையாடியபோது ஜனங்கள் கன்னியாகுமரிப் பக்கம் கடற்பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். 1549-ல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி என்ற குரு கொல்லப்பட்டார். கொளுத்தப்படப் போகிற கோயிலுக்குக் கருங்கல் எதற்கு? இன்னொரு காரணமும் உண்டு. மணல் அஸ்திவாரத்தை ஏற்காது, உப்புக்காற்று கல்லைத் தின்னும். திருச்செந்தூரிலேயே மணற்பாறையில் எழுந்த பழைய கோயில் காற்றில் அரித்துப்போய், 20-ஆம் நூற்றாண்டில் கருங்கல் திருப்பணி செய்ய வேண்டியிருந்தது. அங்கே ராஜகோபுரமும் கடலுக்கு முகம் காட்டாமல் மேற்கே நிற்கிறது.

மணப்பாட்டில் கோயிலுக்கு மூலம் கல்கூட அல்ல, மரம். 1540-ல் புயலில் சிக்கிய ஒரு போர்த்துகீசியக் கப்பல் இந்தக் குன்றருகே தப்பியது என்றும், அதன் தலைவன் ஒடிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து மணல்மேட்டில் நட்டான் என்றும் மரபு. 1581-ல் அந்தச் சிலுவைக்குக் கோயில் எழுந்தது. மெய்ச்சிலுவையின் துண்டு அங்கே இருப்பதாக நம்பி, செப்டம்பர் 14 திருவிழாவுக்குத் தென்கோடி முழுதும் திரள்கிறது. கொம்போஸ்தெலாவுக்கு ஆதாரம் ஓர் உடல். மணப்பாட்டுக்கு ஆதாரம், கடலில் பிழைத்தவனின் ஒடிந்த பாய்மரம். பரதவனுக்கு இதில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. பாய்மரம் ஒடிவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும்.

ஓலையை அடுத்து வந்தது சுண்ணாம்பு. பவளப்பாறைக் கல், கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு – இந்தக் கரையின் பழைய சுவர்களுக்குக் கடல் கொடுத்த பொருள் இவை. கொம்போஸ்தெலா யாத்ரீகனுக்கு அடையாளம் ஒரு சிப்பி. தொப்பியிலோ மேலங்கியிலோ தைத்துக்கொண்டு ஊர் திரும்புவான், கோயில் வாசலில் அது விலைக்கு விற்றது. நம் கரையில் சிப்பி அடையாளம் அல்ல, பிழைப்பு. முத்து எடுத்தபின் எஞ்சுகிற கிளிஞ்சல் சூளைக்குப் போய்ச் சுவராகவும் நிற்கும். இந்தத் தேவைக்கும் எல்லை இல்லாமல் போயிற்று. பவளப்பாறையை வெட்டி வெட்டிப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள்.

கரையில் யார் கையும் சுத்தமாக இல்லை. 1648-ல் டச்சுக்காரர் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்து, போகும்போது விக்கிரகங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1653-ல் வடமலையப்ப பிள்ளை அவற்றைக் கடலிலிருந்து மீட்டார் என்று கோயில் மரபு. கொம்போஸ்தெலா மணிகளைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. 1658-ல் அதே டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்துக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். பாதுகாப்புக்காக மதம் மாறிய ஜனம் என்றால் இப்போது டச்சுக்காரனின் மதத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கோயில் பறிபோன பிறகும் பனிமய மாதா சொரூபத்தை இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். அந்தச் சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. ஸ்பானியர் மணிலாவில் நகரம் அமைத்ததே 1571-ல்தான். மரபு நாள்காட்டி பார்ப்பதில்லை. பேரத்தில் வந்தது பேரம் முடிந்தபிறகும் நின்றது என்பதுதான் இங்கே சரித்திரம். அது எந்த வருஷத்துக் கப்பலில் வந்திருந்தால் என்ன? கொம்போஸ்தெலாவிலும் இதற்கு ஈடான ஒன்று நடந்தது. 1589-ல் ஆங்கிலேயன் டிரேக் தாக்குவான் என்று பயந்து யாகப்பர் எலும்புகளை ஒளித்து வைத்தார்கள். வைத்த இடம் மறந்துபோயிற்று. 1879-ல்தான் தோண்டி எடுத்தார்கள். இடையில் இருநூற்றுத் தொண்ணூறு வருஷம் யாத்ரீகன் வெறுங் கல்லைத்தான் கட்டிக்கொண்டு அழுதான். அழுகையில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

தூத்துக்குடியில் மாதாவின் இன்றைய கோயில் 1713-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1982-ல் அதற்குப் பசிலிக்கா பட்டம் கிடைத்தது. கோபுரம், கவான், மணி எல்லாம் மேற்கின் இலக்கணம்தான். ஆனால் அந்தக் கோயிலைக் கரைக்காரன் தனதாக்கிக்கொண்டது சுவரில் அல்ல. 1806-ல், பாண்டியபதி என்று பட்டம் கொண்ட ஜாதித் தலைவரின் முயற்சியில், மாதாவுக்குத் தங்கத்தேர் செய்தார்கள். விசேஷமான வருஷங்களில் அது வடம் பிடித்து இழுக்கப்படுகிறது. கட்டடத்தைப் போர்த்துகீசியனிடமிருந்து வாங்கியவன் அதன் நடமாட்டத்தைத் திருச்செந்தூரிடமிருந்து வாங்கினான். கொம்போஸ்தெலாவில் ஜனம் சுவாமியைச் சுற்றுகிறது. அதற்காகத்தான் அந்த உட்பிராகாரம். இங்கே சுவாமி ஜனத்தைச் சுற்றுகிறது, தெருவே பிராகாரம். மணல் அஸ்திவாரத்தை ஏற்காத கரையில், பேராலயம் சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்டது. தேரில் யாருக்கு முன்வடம், கோயிலுக்குள் யாருக்கு முன்னிடம் என்ற ஜாதிச் சண்டையும் கூடவே வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தனதாக்கிக்கொள்வது என்றால் தன் அழுக்கோடு சேர்த்துத்தான் தனதாக்கிக்கொள்ள முடியும்.

வாளேந்திய யாகப்பர் என்ன ஆனார்? 1647-ல் தெல்லிப்பளைப் பேதுருப் புலவர் அவர் பேரில் அம்மானை பாடினார். கொம்போஸ்தெலாவின் வீரன், பெண்கள் காய் வீசி ஆடும் பாட்டின் யாப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். கிளாலியில், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் எல்லாம் கடற்கரைக் கோயில்கள். தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஜூலை 25-ல் எல்லா மதத்து ஜனங்களும் வருகிறார்கள். ‘முஸ்லிம்களைக் கொல்பவன்’ என்ற பட்டம் கடலில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. யாரும் திட்டமிட்டு அதைக் கழற்றவில்லை. அந்தப் பட்டத்தால் இந்தக் கரையில் வலைக்கும் வள்ளத்துக்கும் ஒரு உபயோகமும் இல்லை, அவ்வளவுதான். வெள்ளைக் குதிரை மட்டும் தங்கியது, ஊர் எல்லையில் குதிரையைப் பார்த்துப் பழகிய ஜனம். 1993 நவம்பரில் யாழ்ப்பாணம் குருநகர் யாகப்பர் கோயில் மேல் இலங்கை விமானம் குண்டு போட்டது. பூஜைக்கு வந்திருந்தவர்கள் இறந்தார்கள். ஸ்பெயினில் படைக்கு முன்னே போனவர் இங்கே படையால் கொல்லப்பட்டவர்களோடு இருந்தார். ஓர் உருவம் கைமாறும்போது அதன் அர்த்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

1961-ல் தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது. பிறகு கடல் அந்த வரவை நிறுத்திக்கொண்டது. இப்போது வேறு வரவு, விசைப்படகும் வெளிநாட்டுச் சம்பளமும். கரையில் பல ஊர்களில் பழைய சுண்ணாம்புக் கோயில்களை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் உயரமான கோபுரங்கள் எழுப்புகிறார்கள். கூரான ஜன்னல், கூரான உச்சி, ஐரோப்பியப் படத்தைப் பார்த்து அப்படியே வார்த்தது. தங்கள் காசில், தங்கள் பக்தியில் கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் கரைக்கு உண்மையிலேயே இரவல் கோயில் வந்தது இப்போதுதான் என்று எனக்குப் படுகிறது. கூரான கவான் ஐரோப்பாவில் எதற்காக வந்தது? கல் கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கி, சுவரை விடுவித்து, ஜன்னலைத் திறக்க. கான்கிரீட்டுக்கு அந்தப் பாரமும் இல்லை, அந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் இல்லாத இடத்தில் அதன் விடையை மட்டும் கொண்டுவந்து ஒட்டுவதுதான் இரவல். காஸாஸ் நோவோவா பழையதை உள்ளே வைத்துக்கொண்டு மேலே கட்டினான். நாம் பழையதைக் கப்பியாக்கி ரோட்டுக்குப் போடுகிறோம்.

நம் எழுத்துக்கும் இது பொருந்தும். மேற்கிலிருந்து எடுத்தது என்பது குற்றச்சாட்டே அல்ல. கொம்போஸ்தெலாவும் எடுத்ததுதான், எதிரியிடமிருந்தே எடுத்தது. எந்தப் பாரத்தைத் தாங்க எடுத்தாய் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத புதுக்கவிதைகள் நம் பத்திரிகைகளில் – இந்தப் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன் – நிறைய வந்திருக்கின்றன. அவற்றைப் பண்டிதர்கள் இரவல் என்றபோது நாம் கோபப்பட்டோம். சிலவற்றில் அவர்கள் தப்பான காரணம் சொல்லிச் சரியான தீர்ப்பைத் தந்திருந்தார்கள்.

திரும்ப குலசேகரன்பட்டினத்துக்கு வருகிறேன். முத்தாரம்மன் கோயில் தசராவில் வேஷம் போடுவது நேர்த்திக்கடன். காளி, குறத்தி, குரங்கு, ராஜா, போலீஸ்காரன் என்று எந்த உருவத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். உனக்கு ஏன் இந்த வேஷம், இது உன் பரம்பரையில் உண்டா என்று அங்கே கேட்க மாட்டார்கள். ஆனால் மாலை போட்டு விரதம் இருக்க வேண்டும். காப்புக் கட்ட வேண்டும். அந்த வேஷத்திலேயே வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கோயிலில் சேர்க்க வேண்டும். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்காரம் முடிந்தபிறகுதான் காப்பு அவிழ்க்கலாம். ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில், காளி வேஷம் போட்ட ஓர் ஆள் ஒரு டீக்கடை முன்னால் தட்டேந்தி நின்றதைப் பார்த்தேன். நாக்கைத் துருத்தியிருந்தான், தகரத்தில் செய்த எட்டுக் கை முதுகில் கனத்தது. கடைக்காரர் ஒரு ரூபாய் போட்டுவிட்டு, காளியைக் கும்பிட்டார். அந்த ஆளின் முகத்தில் அரிதாரம் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. அடுத்த கடைக்குப் போனான்.